மொறிஸ் மைனரை வரைந்த அகதி

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றிக் கதைத்தால் ஒஸ்ரின் முதலில் வரும், அடுத்தது மொறிஸ் மைனர். கோப்பாயில் இன்றைக்கும் மைனர் ஒன்று கண்ணில் பட்டால், அதன் பொனற்றின் நடுவே நெடுகப் போகும் தட்டையான பட்டியைப் பாருங்கள். அது அழகுக்காக வைத்ததல்ல. அதற்குப் பின்னால் ஒருவரின் பிடிவாதம் இருக்கிறது.

அலெக் இசிகோனிஸ் 1906 நவம்பர் 18 இல் ஸ்மிர்னா என்ற துறைமுக நகரில் பிறந்தார். இன்றைய துருக்கியின் இஸ்மிர் அதுதான். தந்தை பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர், பொறியியலாளர். தாய் ஜேர்மன்காரி. 1922 செப்டெம்பரில், கிரேக்க - துருக்கிப் போரின் கடைசியில், துருக்கிப் படை நகருக்குள் வந்தது. பிரித்தானியக் கடற்படை தன் குடிமக்களைக் கப்பலேற்றி மால்டாவுக்குக் கொண்டுபோனது. இசிகோனிஸ் குடும்பமும் அதில் தப்பியது. பிறகு நகரம் எரிந்தது. அந்தக் குடியுரிமை இல்லாத கிரேக்கரும் ஆர்மேனியரும் தீக்கும் கடலுக்கும் இடையில் துறைமுகக் கரையில் நின்றார்கள். கையில் என்ன கடதாசி இருந்தது என்பதே உயிரைத் தீர்மானித்த கதையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தந்தை மால்டாவிலேயே இறந்துபோனார். 1923 இல் தாயும் பதின்ம வயது மகனும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். லண்டன் பற்றர்சி பொலிரெக்னிக்கில் பொறியியல் படித்த இசிகோனிஸ் கணிதப் பரீட்சையில் மூன்று தரம் தவறினார். ஆனால் கை நன்றாக வரையும். மனதில் வந்ததை ஒரு தாளில் கீறி, அதைக் காட்டியே வேலையாட்களுக்கு விளங்கப்படுத்துவார். 1936 இல் மொறிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் நடக்கும்போதே சாதாரண சனத்துக்கான ஒரு சின்னக் காரை வரையத் தொடங்கினார்.

கார் வெளிவரக் கொஞ்ச நாள் இருக்கையில், அது ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் கூட்டினால் சரி என்று முடிவெடுத்தார். பொனற்றில் நான் சொன்ன பட்டி அந்த நான்கு அங்குலம்தான். முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் காரின் தோற்றமே பிடிக்கவில்லை. ஆனாலும் 1948 இல் லண்டன் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட முதல் பிரித்தானியக் கார் அதுதான்.

சொகுசில் இசிகோனிஸுக்கு நம்பிக்கை இல்லை. சாரதி வசதியாகச் சாய்ந்திருந்தால் கவனம் போய்விடும் என்பது அவர் எண்ணம். காரில் ரேடியோவும் அவருக்கு வேண்டாத சாமான். ஆரம்ப கால மைனரின் எஞ்சினில் தண்ணீர்ப் பம்பே கிடையாது. 1950 இல் பம்ப் வந்த பிறகுதான் ஹீற்றரும் வந்தது, அதுவும் மேலதிகக் காசுக்கு. இங்கிலாந்தின் குளிருக்கு இது கொஞ்சம் கொடுமைதான்.

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா போன குளிர்காலத்தில் தன் மைனருக்குச் சூடேறும் சீற் பூட்டினார். கேட்கச் சின்ன வேலை. அந்தக் காரின் டைனமோ கூடினால் 22 அம்பியர் தரும், நின்று ஓடும்போது அதுவும் இல்லை. இரண்டு சீற்றுக்கும் எட்டு அம்பியர் போனால் ஹெட்லைற்றுக்கும் வைப்பருக்கும் என்ன மிச்சம்? ஆகவே முதலில் டைனமோவைக் கழற்றி ஓல்ரனேற்றர் போட்டார். பழைய மைனரில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். இன்றைய சாமான்களுக்கு எதிர்முனை வேண்டும், அதையும் மாற்றினார். பிறகு சீற் உறையைக் கழற்றி, பஞ்சுக்கு மேல் சூட்டுப் பாயை விரித்து, சாவி திருப்பினால் மட்டும் மின் போகும்படி ரிலேயும் பியூஸும் வைத்தார்.

அவரை அதிகம் மினக்கெடுத்தியது சுவிச். பாயோடு வந்த பிளாஸ்ரிக் சுவிச் அந்த டாஷ்போட்டில் கண்ணைக் குத்தியது. பழைய கார்ச் சாமான் விற்பவர்களிடம் தேடி, வெளியே இழுக்கும் பழைய குமிழ்ச் சுவிச் இரண்டு எடுத்தார். டாஷ்போட்டில் ஓட்டை போட மனம் வராமல் கீழே சின்னத் தகடு அடித்துப் பூட்டினார். முதல் இழுப்புக்குக் குறைந்த சூடு, அடுத்ததுக்குக் கூடிய சூடு. இசிகோனிஸ் இருந்தால் முகம் சுளித்திருப்பார். நான் சித்தப்பாவின் பக்கம். கோப்பாய் வெயிலில் வளர்ந்த முதுகு அது.

1956 இல் சூயெஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தபோது, குறைந்த எண்ணெயில் ஓடும் கார் வேண்டும் என்றார்கள். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, 1959 இல் இசிகோனிஸ் மினியைக் கொடுத்தார். அவர் பெயர் உலகம் முழுக்கப் போனது அதனால்தான். 1969 இல் சேர் பட்டமும் கிடைத்தது. கலியாணம் கட்டவில்லை. தாய் இறக்கும்வரை தாயோடுதான் இருந்தார். 1988 ஒக்ரோபர் 2 இல் பேர்மிங்ஹாமில் இறந்தார்.

அப்போது யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் நின்றது. 1990 இல் மீண்டும் சண்டை தொடங்க, பெற்றோலும் பற்றரியும் தடைப்பட்டன. எங்கள் மெக்கானிக்குகள் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அந்தக் கார்களின் எஞ்சினில் அமுக்கம் குறைவு, இலத்திரனியல் எதுவும் இல்லை. ஆனபடியால் தாங்கின. பற்றரி செத்தாலும் மைனரின் முன்பக்கம் கைபிடியை விட்டுச் சுற்றலாம். சொகுசைக் கணக்கெடுக்காத அந்த மனிதர் கைபிடிக்கு இடம் விட்டிருந்தார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது, நாவற்குழிப் பக்கமும் கோப்பாய் - கைதடி வீதியிலும் சனம் மழைக்குள் நிறைந்து நின்றது. நடக்க ஏலாத முதியவர்களை ஏற்றிய கார்கள் சனத்துக்கு நடுவில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. நின்றுபோனவற்றைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.