வகுப்பறைக்குள் விடவில்லை, ஆனால் உலகமே தேடி வந்தது: அந்நிய பாஷை இயக்கத்தின் வில்லியம் சீமோர் யார்?

1906-ம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பைபிள் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளையின மாணவர்கள் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. வெளியே நடையில் ஒருவர் தனியாக உட்கார்ந்து பாடம் கேட்கிறார். வயது 35. கறுப்பினத்தவர். இடது கண்ணில் பார்வை இல்லை.

உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. காரணம், தோலின் நிறம்.

அவர்தான் வில்லியம் ஜோசப் சீமோர். அன்று அவர் வெளியே இருந்து கேட்ட பாடம், அந்நிய பாஷையில் பேசுவது பற்றியது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் நடத்திய கூட்டங்கள் பல நாடுகளிலிருந்து ஆட்களை இழுத்தன. இன்றைக்கும் உலகின் பல பெந்தெகொஸ்தே சபைகள் தங்கள் வரலாற்றை அந்தக் கூட்டங்களில் இருந்துதான் சொல்லத் தொடங்குகின்றன.

ஆனா, அவ்வளவு பேரைக் கூட்டியவரைச் சுற்றி கடைசியில் மிச்சம் இருந்தது ஒரு சின்னக் கூட்டம்தான். ஏன் அப்படி ஆச்சு?

அந்நிய பாஷைன்னா என்ன?

இயேசு உயிர்த்தெழுந்த பிறகு வந்த பெந்தெகொஸ்தே பண்டிகை நாளில், எருசலேமில் கூடியிருந்த சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியது, அவர்கள் தாங்கள் கற்காத மொழிகளில் பேசினார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 2-ம் அதிகாரம். பல தேசங்களில் இருந்து வந்திருந்தவர்களுக்கு அவரவர் மொழியிலேயே அது கேட்டதாம்.

கொரிந்து சபைக்கு பவுல் எழுதிய கடிதத்தில் வருவது கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே ஒருவர் பேசுவது மற்றவர்களுக்குப் புரியாது. யாராவது அர்த்தம் சொல்ல வேண்டும். சபையில் இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று பவுல் கட்டுப்பாடு விதிக்கிறார்.

இந்த இரண்டுமே அந்நிய பாஷை என்றுதான் அழைக்கப்படுகின்றன. ஒன்று, உலகில் எங்கோ பேசப்படும் நிஜ மொழி. இன்னொன்று, கடவுளிடம் மட்டும் பேசும் ஜெப மொழி. எது சரி என்ற கேள்வி, சீமோரின் கதையிலும் வரும்.

அடிமைகளாக இருந்தவர்களின் மகன்

சீமோர் 1870-ம் ஆண்டு மே 2-ம் தேதி, லூசியானா மாகாணத்தின் சென்டர்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சைமன், அம்மா பிலிஸ். இருவருமே அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். உள்நாட்டுப் போரில் சைமன் வடக்குப் படையின் கறுப்பினப் பிரிவில் இருந்தவர். அடிமை முறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. வறுமையும் வன்முறையும் ஒழியவில்லை.

குழந்தையாக இருந்தபோது சீமோருக்குக் கத்தோலிக்க ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. வளர்ந்ததும் தெற்கை விட்டுக் கிளம்பினார். இண்டியானாபொலிஸ் நகரில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்தார். மெத்தடிஸ்ட் சபையில் சேர்ந்தார். பிறகு சின்சினாட்டிக்குப் போனவர், பரிசுத்த வாழ்க்கையை வலியுறுத்தும் ஒரு குழுவில் இணைந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒன்றாக வழிபடலாம் என்று நம்பிய குழு அது. அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமில்லை.

அங்கேதான் அவருக்குப் பெரியம்மை வந்தது. உயிர் பிழைத்தார். இடது கண் போய்விட்டது. ஊழியத்துக்கு வரச் சொன்ன அழைப்பைத் தான் தள்ளிப்போட்டதற்குக் கிடைத்த தண்டனை இது என்று அவர் நினைத்தார். குணமானதும் பிரசங்கியார் ஆனார்.

கதவுக்கு வெளியே படித்த பாடம்

ஹூஸ்டனில் சீமோர் சேர்ந்தது லூசி ஃபேரோ என்ற கறுப்பினப் பெண் நடத்திய சபையில். லூசியும் அடிமையாகப் பிறந்தவர்தான். சார்ல்ஸ் பர்ஹாம் என்ற வெள்ளையினப் போதகரின் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு லூசி போனார். திரும்பி வரும்போது, தான் அந்நிய பாஷையில் பேசியதாகச் சொன்னார்.

யார் இந்த பர்ஹாம்? 1901 புத்தாண்டு சமயத்தில் கன்சாஸ் மாகாணத்தின் டொபீகா நகரில் இருந்த அவருடைய பைபிள் பள்ளியில், ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அந்நிய பாஷை பேசியதாகச் செய்தி பரவியது. ஒருவர் ஆவியின் அபிஷேகம் பெற்றார் என்பதற்கு அந்நிய பாஷைதான் அடையாளம் என்று பர்ஹாம் போதித்தார். அதோடு, அது நிஜ மொழி என்றும் நம்பினார். அந்த வரம் கிடைத்தவர்கள் மொழி படிக்காமலேயே வெளிநாடு போய் பிரசங்கிக்கலாம் என்பது அவர் கணக்கு.

அந்த பர்ஹாம் ஹூஸ்டனில் வகுப்பு தொடங்கியபோதுதான் சீமோர் போய்க் கேட்டார். இனப் பிரிவினை நடைமுறையில் இருந்த ஊர். பர்ஹாம் அதை மீறவில்லை. முழுக்க மறுக்கவும் இல்லை. கதவைத் திறந்து வைத்தார், மாணவரை வெளியே உட்கார வைத்தார். சீமோர் அதையும் ஏற்றுக்கொண்டு பாடத்தைக் கேட்டார்.

சபைக்குப் பூட்டு

சில வாரங்களிலேயே லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்து அழைப்பு வந்தது. ஜூலியா ஹட்சின்ஸ் என்ற பெண் நடத்திய சின்னச் சபைக்குப் போதகர் தேவைப்பட்டார். 1906 பிப்ரவரியில் சீமோர் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்நிய பாஷையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இத்தனைக்கும் அவரே அதுவரை அந்நிய பாஷையில் பேசியதில்லை.

சபையின் தலைமைக்கு அந்தப் போதனை பிடிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது.

கையில் காசில்லை. எட்வர்ட் லீ என்ற கறுப்பினத் தொழிலாளி தன் வீட்டில் இடம் கொடுத்தார். ஜெபக் கூட்டம் பிறகு வடக்கு போனி ப்ரே தெருவில் இருந்த ஆஸ்பெரி தம்பதியின் வீட்டுக்கு மாறியது. வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலை, துப்புரவு வேலை செய்யும் கறுப்பினத்தவர்.

ஏப்ரல் 9-ம் தேதி லீ அந்நிய பாஷையில் பேசினார். அன்று இரவே இன்னும் சிலர் பேசினார்கள். மூன்று நாள் கழித்து சீமோரும் பேசினார். செய்தி பரவி, தெருவெல்லாம் கூட்டம். பாரம் தாங்காமல் வீட்டின் முன்திண்ணை இடிந்து விழுந்ததாகச் சொல்கிறார்கள்.

குதிரை லாயத்தில் ஒரு சபை

பெரிய இடம் தேவைப்பட்டது. அசூசா தெரு, 312-ம் எண். முன்பு ஒரு கறுப்பினச் சபையின் ஆலயமாக இருந்து, பிறகு கீழ்த்தளம் குதிரை லாயமாகப் பயன்பட்ட பழைய மரக்கட்டடம். தரையில் மரத்தூள் போட்டார்கள். ஆணிப் பீப்பாய்களுக்கு மேல் பலகை வைத்து பெஞ்ச் ஆக்கினார்கள். பிரசங்க மேடைக்குப் பதிலாக இரண்டு மரப்பெட்டிகள். கூட்டம் நடக்கும்போது சீமோர் பல நேரம் அந்தப் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்து ஜெபித்துக்கொண்டே இருப்பாராம்.

ஏப்ரல் 18-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் இதைப் பற்றிக் கிண்டலாக ஒரு செய்தி போட்டது. அதே நாள் காலை சான் பிரான்சிஸ்கோவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. உலகம் முடியப்போகிறதோ என்ற பயத்தில் இருந்த மக்களின் கவனம் அசூசா தெரு பக்கம் திரும்பியது.

தினமும் கூட்டம். காலை, மதியம், ராத்திரி. சுமார் மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடியது. கறுப்பினத்தவர், வெள்ளையினத்தவர், மெக்சிகோக்காரர்கள், ஆசியர்கள் என எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெள்ளையினப் போதகர்கள் கறுப்பினப் பெண்கள் முன் மண்டியிட்டு ஜெபம் கேட்டார்கள். பெண்கள் பிரசங்கம் செய்தார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவரைக் கும்பல் கூடி அடித்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. பார்த்தவர்களுக்கு அந்நிய பாஷை ஓர் அதிசயம் என்றால், இந்த பெஞ்ச் இன்னோர் அதிசயம்.

1906 செப்டம்பரில் சபை ஒரு பத்திரிகை தொடங்கியது. இலவசம். 5,000 பிரதிகளில் ஆரம்பித்து பல பத்தாயிரங்களைத் தொட்டது. தபால் போன இடமெல்லாம் அசூசா தெருவும் போனது.

கல்கத்தாவில் என்ன நடந்தது?

அசூசாவில் அபிஷேகம் பெற்றதாக நம்பிய ஆல்ஃபிரட் கார், தனக்கு வங்க மொழி வரமாகக் கிடைத்திருக்கிறது என்று எண்ணி மனைவி லில்லியனோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1907 தொடக்கத்தில் கல்கத்தாவில் இறங்கினார். பேசிப் பார்த்தார். அங்கிருந்தவர்களுக்குப் புரியவில்லை.

ஆனா அவர் ஊழியத்தை விடவில்லை. அந்நிய பாஷையைப் பற்றிய தன் புரிதலை மாற்றிக்கொண்டார். அது ஊர் மக்களிடம் பேசுவதற்கான மொழி அல்ல, கடவுளிடம் ஜெபிப்பதற்கான மொழி என்றார். இன்றைய பெந்தெகொஸ்தே சபைகளில் அதிகம் கேட்கும் விளக்கமும் இதுதான். அந்த மாற்றத்தில் கல்கத்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு.

அசூசாதான் எல்லாவற்றுக்கும் முதல் என்றும் சொல்ல முடியாது. புனே அருகே கேட்கானில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனில் 1905-லேயே எழுப்புதல் தொடங்கியிருந்தது. அதற்கும் முன்பு, 1860-ல் நம்ம திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் சபைகளில் அந்நிய பாஷை பேசப்பட்டதாகப் பதிவுகள் இருக்கின்றன.

ஆசிரியர் வந்தார்

1906 அக்டோபரில் பர்ஹாம் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். சீமோர் தன் ஆசிரியரை மதிப்போடு எதிர்பார்த்திருந்தார்.

உள்ளே வந்த பர்ஹாம் கண்டது, கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஒருவரையொருவர் தொட்டு ஜெபிப்பதை. அவரால் தாங்க முடியவில்லை. உணர்ச்சிக் கூச்சலையும் இனக் கலப்பையும் சேர்த்தே கண்டித்தார். சபை மூப்பர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். பக்கத்திலேயே போட்டிக் கூட்டம் நடத்திப் பார்த்தார். எடுபடவில்லை.

அவர் பாடம் சொன்ன அறைக்குள் சீமோரை விடவில்லை. சீமோரின் சபையிலோ அவருக்குப் பிரசங்க மேடையே கிடைத்தது. அதை அவர் இப்படித்தான் பயன்படுத்தினார்.

ஒவ்வொருவராக விலகியது எப்படி?

1908-ல் சீமோர், தன் சபையைச் சேர்ந்த ஜென்னி மூரைத் திருமணம் செய்தார். அந்தச் சமயத்தில் பத்திரிகையைக் கவனித்துவந்த கிளாரா லம் விலகி, ஃபுளோரன்ஸ் கிராஃபோர்டு நடத்திய போர்ட்லாண்ட் சபைக்குப் போனார். வெளியூர் சந்தாதாரர்களின் முகவரிகளும் அங்கே போய்விட்டன. முகவரிகள் இல்லாமல் பத்திரிகை எப்படி நடக்கும்? அசூசா தெருவின் குரல் அத்தோடு அடங்கியது.

1911-ல் சீமோர் ஊரில் இல்லாதபோது வில்லியம் டர்ஹாம் என்ற வெள்ளையினப் போதகர் வந்து பிரசங்கித்தார். கூட்டம் மறுபடி பெருகியது. ஆனால் அவர் போதனை சீமோரின் போதனைக்கு எதிரானது. திரும்பி வந்த சீமோர் கதவைப் பூட்டினார். ஒருகாலத்தில் பூட்டின் வெளியே நின்றவர் அவர். டர்ஹாமோடு கூட்டமும் வெளியேறியது.

1914-ல் ஆர்கன்சாஸ் மாகாணத்தில் அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் அமைப்பு உருவானது. பெரும்பாலும் வெள்ளையினத்தவரின் அமைப்பு. அந்நிய பாஷையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே பெஞ்சை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் சீமோர் சொன்னது என்ன?

1915-ல் சீமோர் தன் சபைக்கான விதிமுறைகளை நூலாக வெளியிட்டார். அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, சபைத் தலைமைப் பொறுப்புகள் கறுப்பினத்தவருக்கு மட்டும். வெள்ளையினத்தவர் உறுப்பினராகலாம், அவர்களை நேசிக்க வேண்டும், ஆனால் தலைமை கிடையாது. மறுபடி சண்டை வராமல் இருக்க இதுதான் வழி என்று நினைத்தார். நிறக்கோட்டை அழித்தவரே ஒரு கோடு போட வேண்டி வந்தது.

இரண்டு, அந்நிய பாஷையை மட்டுமே ஆவியின் அடையாளமாக வைக்கக் கூடாது. எந்தப் போதனைக்காக ஒரு சபை அவரை வெளியே தள்ளியதோ, அதையே அவர் திருத்திக்கொண்டார். அந்நிய பாஷை பேசியவர்கள் அதே வாயால் சக மனிதரை வெறுத்ததை அவர் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அன்பு இல்லாத இடத்தில் அந்நிய பாஷை எதையும் நிரூபிக்காது என்ற முடிவுக்கு அவர் வந்ததை அந்த அனுபவத்தில் இருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

1922 செப்டம்பர் 28-ம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 52. லாஸ் ஏஞ்சல்ஸின் எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஜென்னி கொஞ்ச காலம் சபையை நடத்தினார். 1931-ல் அசூசா தெருக் கட்டடமும் இடிக்கப்பட்டது.

இன்றைக்கு என்ன நிலை?

உலகில் பெந்தெகொஸ்தே மற்றும் அதை ஒத்த வழிபாட்டு முறையைப் பின்பற்றும் கிறிஸ்தவர்கள் சுமார் 58 கோடி பேர் என்று 2011-ல் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. அந்நிய பாஷையை மொழியியலாளர்கள் பதிவு செய்து ஆராய்ந்தபோது, நிஜ மொழிக்கான இலக்கண அமைப்பு அதில் தென்படவில்லை. பேசுபவரின் தாய்மொழி ஒலிகளே மாறி மாறி வருகின்றன. 2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஐந்து பெண்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. தன் பேச்சைத் தானே கட்டுப்படுத்தும் பகுதியில் செயல்பாடு குறைந்திருந்தது. நாங்கள் பேசவில்லை, ஆவி பேச வைக்கிறது என்ற விசுவாசிகளின் அனுபவத்தோடு அது ஒத்துப்போனது. பேச வைப்பது யார் என்ற கேள்விக்கு ஸ்கேன் பதில் சொல்லாது.

சீமோரின் கேள்வி வேறு. பேசிய பிறகு அந்த மனிதர் பக்கத்தில் இருப்பவரை எப்படி நடத்துகிறார்?

1994-ல் மெம்ஃபிஸ் நகரில் கூடிய அமெரிக்க பெந்தெகொஸ்தே தலைவர்கள், வெள்ளையினத்தவருக்கு மட்டுமாக இருந்த தங்கள் கூட்டமைப்பைக் கலைத்தார்கள். ஒரு வெள்ளையினப் போதகர் மேடைக்கு வந்து, ஒரு கறுப்பினப் பிஷப்பின் கால்களைக் கழுவி மன்னிப்புக் கேட்டார். சீமோர் இறந்து அப்போது 72 ஆண்டுகள் ஆகியிருந்தன.