நோயுற்ற இல்லமும் சாவித்திரிபாய் அம்மையாரும்



குடும்பத்தில் உழைப்பவர் நோயாய்ப் படுத்துவிட்டால் அவ்வீட்டு அடுப்பும் உடன் அணைந்துவிடுகிறது. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மூட்டை சுமந்து அன்றாடக் கூலியால் வாழும் இல்லங்களில் இதனை நாம் காண்கிறோம். மருந்துச் செலவு ஒருபுறமும் அரிசியும் வாடகையும் மறுபுறமும் நெருக்க, கடன் வளர்கிறது. பிள்ளையின் படிப்பு நிற்கிறது. இத்தகைய இல்லத்திற்கு எவ்வாறு உதவுதல் வேண்டும் என்று அறிய விரும்புவோர், பாபாசாகேப் அம்பேத்கர் தம் குருமார் மூவருள் ஒருவராகப் போற்றிய ஜோதிராவ் பூலேயின் துணைவியார், சாவித்திரிபாய் அம்மையாரின் வரலாற்றை அறிதல் நன்று.

அம்மையார் 1831 ஜனவரி 3-ல் மராட்டிய நாட்டு நாய்காவ் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் மணம் முடிந்தது. எழுத்தறியாது வந்த மனைவிக்குக் கணவரே கல்வி புகட்டினார். 1848-ல் புனா நகரில் பிடே வாடா என்னும் மனையில் பெண்களுக்கெனப் பள்ளி திறந்து, அங்கு அம்மையார் ஆசிரியையாக அமர்ந்தார். பள்ளி செல்லும் வழியில் சாதி வெறியர் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினர். அவர் அஞ்சிலர். 1863-ல் ஆதரவற்ற கைம்பெண்கள் மகப்பேறு காணத் தம் வீட்டையே இல்லமாக்கினர் அத்தம்பதியர். அவ்வாறு வந்த ஒரு கைம்பெண்ணின் குழந்தையை யஷ்வந்த் எனப் பெயரிட்டுத் தம் மகனாக வளர்த்தனர்.

1888-ல் அவ்வில்லத்திலேயே நோய் புகுந்தது. ஜோதிராவ் பக்கவாதத்தால் வீழ்ந்தார், வலக்கை செயலற்றது. ஈட்டியவற்றைப் பொதுப்பணிக்கே செலவிட்ட குடும்பமாதலின் வறுமை சூழ்ந்தது. அம்மையார் இரவு பகலாய்ப் பணிவிடை செய்தார். ஜோதிராவோ இடக்கையால் எழுதப் பழகித் தம் இறுதி நூலை முடித்தார். நண்பர்கள் கைகொடுத்தனர்; பரோடா மன்னர் சயாஜிராவுக்கு எழுதி உதவி வேண்டினர்; அவரும் உதவினார். பின்னர் 1913-ல் அம்பேத்கரை அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர் அம்மன்னரே என்பதை நம்மவர் அறிவர். ஊருக்கு ஈந்த குடும்பம் ஊரிடம் பெறுவதில் இழிவில்லை என்பதை அம்மையார் வாழ்ந்து காட்டினார்.

1890 நவம்பர் 28-ல் ஜோதிராவ் மறைந்தார். வளர்ப்பு மகன் ஈமக்கடன் செய்தலாகாது என்று உறவினர் தடுத்தபோது, அம்மையார் தாமே தீச்சட்டி ஏந்தி முன்னடந்தார். அதன்பின் கணவர் 1873-ல் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தை வழிநடத்தினார்.

1896-ல் பம்பாய்த் துறைமுக நகரில் தோன்றிய கொள்ளைநோய் அடுத்த ஆண்டு புனாவைப் பற்றியது. எலித்தெள்ளால் அந்நோய் பரவுகிறதென்பது 1898-ல்தான் கண்டறியப்பட்டது. இன்று அதனைக் குணமாக்கும் மருந்துகள் அந்நாளில் இல்லை. வீடு வீடாய்ச் சோதனையிட்ட அதிகாரிகளுக்கு அஞ்சி மக்கள் நோயாளரை மறைத்து வைத்தனர். அம்மையாரோ மருத்துவராகியிருந்த மகனை வரவழைத்து, நகருக்கு வெளியே சிகிச்சை நிலையம் அமைத்தார். முண்ட்வா ஊரின் சேரியில் மஹர் குலச் சிறுவன் ஒருவன் நோயுற்றான் எனக் கேட்டு அங்கு சென்று, அவனைத் தம் முதுகில் சுமந்து நிலையத்தில் சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். அம்மையாரை நோய் பற்றியது. 1897 மார்ச் 10-ல் அறுபத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். பம்பாய் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டவரும் சமாஜத் தோழருமான நாராயண் மேகாஜி லோகாண்டேயும் அவ்வாண்டே அந்நோய்க்கு இரையானார். ஆலையில் உழைத்த நமக்கு அப்பெயர் மறத்தற்கரியது.

வயிற்றுநோயால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவன் புத்தர் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையால் நீராட்டிப் படுக்கையில் கிடத்தினார் என்பது விநய நூல் கூறும் செய்தி. சேரிச் சிறுவனைச் சுமந்த அம்மையாரின் முதுகும் அவ்வழியே சென்றது.

அன்பர்களே! நோயுற்ற வீட்டிற்குச் சென்று ஆறுதல் கூறி மீள்வது எளிது. நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், இரவில் உடனிருக்கவும், அரிசிக்கும் வாடகைக்கும் வழிகாணவும், பிள்ளை பள்ளிக்குச் செல்வதை உறுதி செய்யவும் ஆள் வேண்டும். ஒருநாள் அன்று, அவர் எழுந்து வேலைக்குச் செல்லும்வரை வேண்டும். நம் சங்கத்தார் முறைவைத்து இதனைச் செய்தல் கூடும். இன்று உதவி பெறும் இல்லம் நாளை உதவி செய்யும் இல்லமாகும். மைத்திரி என்று நாம் ஓதும் சொல் செயலாகும் இடம் அதுவே.