மலேரியா இரத்தத்தில் விட்டுச்சென்ற தடம்: ஹால்டேன் என்ற மனிதர்

கற்பிட்டிக் கடலோரத்தில், கண்டக்குழி போன்ற ஊர்களின் மூத்தவர்களுக்கு மலேரியா புதிய சொல்லல்ல. இடம்பெயர்ந்து வன்னிக் காட்டோரங்களில் காய்ச்சலில் நடுங்கியவர்களுக்கும் அப்படித்தான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் தலசீமியா போகவில்லை. நாட்டின் தலசீமியாப் பிள்ளைகளில் பெருந்தொகையானோர் இன்றும் இரத்தம் ஏற்றச் செல்வது குருநாகல் வைத்தியசாலைக்கு. இந்த இரண்டு நோய்களையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

1892இல் ஒக்ஸ்போர்ட்டில் பிறந்தவர். முதலாம் உலகப்போரில் படையாளாக இருந்து காயப்பட்டார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது அங்கே போய், விமானக் குண்டுவீச்சில் பொதுமக்கள் எப்படிச் சாகிறார்கள் என்று நேரில் பார்த்தார். திரும்பி வந்து 1938இல் ஒரு புத்தகம் எழுதி, ஆழமான பதுங்குகுழிகள் வேண்டும் என்று பிரித்தானிய அரசோடு மல்லுக்கட்டினார். அரசு கேட்கவில்லை. பங்கருக்குள் பிள்ளைகளை வைத்திருந்த நமக்கு அந்த வாதத்தை விளக்கத் தேவையில்லை.

கம்யூனிஸ்டாகவும் இருந்தார். சோவியத்தில் லைசென்கோ மரபியலை நசுக்கியபோது ஹால்டேன் வெளிப்படையாக எதிர்க்கத் தயங்கியது அவரது வாழ்க்கையில் ஒரு கறைதான்.

பிள்ளைகளைக் கொல்லும் தலசீமியா மரபணு மத்தியதரைக்கடல் மக்களிடையே ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது? 1949இல் அவர் தந்த விடை இது: தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒன்றை மட்டும் பெற்றவருக்குப் பெரிய நோய் இல்லை, மாறாக மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆகவே அவர்கள் தப்பிப் பிழைத்தார்கள், மரபணுவும் தங்கியது. 1954இல் அந்தனி அலிசன் ஆபிரிக்காவில் அரிவாள்கல நோயை ஆராய்ந்து, இதே போன்ற பாதுகாப்பு அங்கும் உண்டு என்று காட்டினார்.

இது நம் வீடுகளுக்கு முக்கியமான கணக்கு. தாய், தகப்பன் இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. தாயின் குற்றமோ முற்பிறப்பின் பாவமோ அல்ல. கலியாணத்துக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை போதும். ஆனால் சாதகம் பார்க்கும் வீடுகளில் இதை எத்தனை பேர் பார்க்கிறோம்? மச்சான் மச்சாள் கலியாணத்தில் இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்பு இன்னும் கூடும்.

1957இல் ஹால்டேன் லண்டனை விட்டுக் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். வேட்டி, குர்த்தா அணிந்தார். 1961இல் இந்தியக் குடிமகனானார். ஆந்திராவில் சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்களையும் அவற்றில் பிறந்த பிள்ளைகளின் நோய்களையும் அவரது மாணவர்கள் எண்ணிக் கணக்கெடுத்தார்கள். விலையுயர்ந்த கருவி இல்லாமலே, எண்ணத் தெரிந்தால் மரபியல் செய்யலாம் என்பது அவரது பிடிவாதம்.

பின்னர் புவனேசுவரத்தில் ஆய்வுகூடம் அமைத்தார். 1964 டிசம்பர் 1இல் புற்றுநோயால் அங்கேயே காலமானார். அவர் உயிலில் எழுதியபடி, உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்குப் போனது.