கணித மேதை தெக்காட்டு

கோட்டையும் எண்ணையும் பிணைத்த பெரியாருள் இறெனே தெக்காட்டை முதன்மையாக நாம் போற்றுகின்றோம். பிரான்சு தேசத்துத் தூரேன் பகுதியிலே 1596ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் பிறந்த இவர், மறு ஆண்டே அன்னையை இழந்தார். உடல்நலங் குன்றியவராதலால், இயேசு சபையாரின் லா பிளேசுக் கல்லூரியிற் பயின்றபோது காலையில் நெடுநேரம் படுக்கையிலிருக்க அனுமதி பெற்றார். அவ்வழக்கம் பின்னரும் அவரை விட்டு நீங்கவில்லை.

பண்டைக் கிரேக்கருக்கு இரு கோடுகளின் பெருக்கம் பரப்பு; மூன்றின் பெருக்கம் திண்மம். நான்கைப் பெருக்கினாலோ, அப்பெருக்கத்துக்குரிய உருவமே இல்லை. இத்தடையைத் தெக்காட்டு 1637இல் வெளியிட்ட கேத்திரகணித நூலில் நீக்கினார். ஒரு கோட்டை அலகாகக் கொண்டார். அலகுக்கு முதற்கோடு எவ்விகிதத்தில் நிற்குமோ, இரண்டாங் கோட்டுக்குப் பெருக்கமும் அவ்விகிதத்திலேயே நிற்கும். ஆகவே, இயல்பொத்த முக்கோணிகளின் துணையாற் பெருக்கமும் ஒரு கோடேயாயிற்று. வர்க்கமூலம் அரைவட்டத்தாற் கிடைத்தது. நான்காம் அடுக்கும் ஐந்தாம் அடுக்கும் அவ்வாறே கோடுகளாயின. அடுக்கைச் சிற்றெண்ணாக மேலே எழுதும் வழக்கமும் அந்நூலால் நிலைபெற்றது.

1649இல் சுவீடன் அரசி கிறித்தீனாவின் அழைப்பை ஏற்றுச் சென்றார். கடுங்குளிரில், விடியுமுன் ஐந்து மணிக்கு அரசிக்குப் பாடஞ் சொல்ல நேர்ந்தது. நுரையீரல் அழற்சியுற்று, 1650 பெப்ரவரி 11ஆம் நாள் ஸ்டொக்ஹோமில் உயிர்நீத்தார்.

நம் மாணவர் வரையும் ஆள்கூற்றுத் தளம் அவர் பெயரையே தாங்குகின்றது. நெடுங்காலத் தடையை நீக்கியது அலகொன்றைத் தேர்ந்த எளிய செயலே. அதனை மாணவர் மறவாதிருப்பாராக.