தாய்க்குலத்தின் மருத்துவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

ஒரு சமுதாயம் தலைநிமிர்வதற்குக் கல்வியே முதற்படி என்பதை நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகின்றது. ஆயின் பிள்ளை பள்ளிக்குச் செல்ல வேண்டுமானால், வீட்டில் தாய் உயிரோடும் நலத்தோடும் இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை நாம் நூல்களில் படித்து அறிந்தோமில்லை, பட்டறிவால் அறிந்தோம்.

சங்கம் தோன்றிய தொடக்க நாட்களில், மாலை வகுப்பிற்கு நாள்தோறும் தவறாது வந்த ஒரு மாணவி திடீரென நின்றுவிட்டாள். காரணம் அறிய நம் உறுப்பினர் சிலர் அவள் வீடு சென்றனர். அவளுடைய தாய்க்கு மாதவிலக்கு அல்லாத நாட்களிலும் உதிரப்போக்கு இருந்து வந்திருக்கின்றது. வெளியில் சொல்ல நாணி, கைமருந்து உண்டு, நடவு வேலைக்கும் சென்றுகொண்டே அவ்வம்மையார் இரண்டாண்டுகளைக் கழித்துவிட்டார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. சில திங்களில் அவர் மறைந்தார். ஒன்பதாம் வகுப்பில் படித்த அம்மாணவி, தம்பி தங்கையரை வளர்க்கும் பொருட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். நம்மால் அவளை மீண்டும் பள்ளியில் சேர்க்க இயலவில்லை. அத்தோல்வி இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

அதனாற்றான் இம்மலரில், மகப்பேற்றிலும் கொடுநோயிலும் பெண்கள் கேட்பாரற்று மடிவதைக் கண்டு பொறாது, அதற்கென்றே தம் வாழ்நாளை ஈந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் வரலாற்றை நம் இளைஞர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் நம் சமுதாயத்திற் பிறந்தவர் அல்லர். ஆயினும் பிறப்பினால் வரும் இழிவு யாது என்பதை அறிந்தவர், அதனை வென்றவர்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமத்தானத்திற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். கல்வித் துறையில் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்படும் மரபினர். தாயின் குலத்தைச் சுட்டி ஊரார் பேசிய பேச்சு சிறுமியின் செவியில் விழாமல் இல்லை. பருவம் எய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. தந்தையார் வீட்டிலேயே பாடம் கற்பிக்க, அம்மையார் மெட்ரிகுலேசன் தேர்வில் வென்றார்.

அடுத்துக் கல்லூரிப் படிப்பு. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியோ ஆடவர்க்கே உரியதாக இருந்தது. பெண்ணொருத்தி வந்து அமர்ந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்றனர் சிலர். அவளது பிறப்பைச் சுட்டி எதிர்த்தனர் வேறு சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று, வகுப்பில் திரைக்கு அப்பால் அமர்ந்து அவர் பயின்றார் என்பர். பள்ளியில் தனியிடத்தில் அமர்த்தப்பட்ட நம் பாட்டன்மார்க்கு அத்திரையின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு பதக்கங்கள் பலவற்றோடு பட்டம் பெற்றார். இம்மாகாணத்தின் முதற் பெண் மருத்துவப் பட்டதாரிகளுள் அவர் ஒருவர். பின்னர் அரசினர் மகப்பேறு மருத்துவமனையிற் பயிற்சி மருத்துவராகப் பணியேற்றார். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களைச் சாதி கடந்து, சடங்கு தவிர்த்து, பதிவுத் திருமணச் சட்டப்படி மணந்தார். தம்மைச் சமமாக நடத்துதல் வேண்டும் என்பதே அம்மையார் விதித்த கட்டளை.

தங்கையின் மறைவு

மருத்துவராகிய அம்மையாரின் வீட்டிலேயே அவரால் தடுக்க இயலாத துயரம் ஒன்று நேர்ந்தது. இளம் வயதினரான அவர் தங்கை நோயுற்றார். இரத்தமும் சீதமுமாகப் போயிற்று. சீதபேதி எனக் கருதியே மருத்துவம் செய்யப்பட்டது. உண்மையில் அது மலக்குடற் புற்றுநோய். அஃது இன்னதெனக் கண்டறிந்தபோது காலம் கடந்துவிட்டது, தங்கை மாண்டார்.

இதனை நம் இளைஞர்கள் நன்கு சிந்தித்தல் வேண்டும். படித்தவர், மருத்துவர், தலைநகரில் வாழ்ந்தவர். அவர் வீட்டிலேயே நோய் தாமதமாகக் கண்டறியப்பட்டதென்றால், ஏதுமற்ற எளியோர் நிலை எத்தகையது! இக்கேள்வியே அம்மையாரின் எஞ்சிய வாழ்வை வழிநடத்திற்று எனலாம். 1925ஆம் ஆண்டு மகளிர், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் கற்க அவர் இலண்டன் சென்றார். புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை இயங்குவதை ஆங்குக் கண்டார். அத்தகைய ஒன்றைத் தம் நாட்டிலும் நிறுவ உறுதி பூண்டார்.

சட்டமன்றத்தில்

தாயகம் திரும்பியதும் சென்னைச் சட்டமன்றத்திற்கு உறுப்பினராக நியமிக்கப் பெற்றார். அம்மன்றத்தின் முதற் பெண் உறுப்பினர் அவரே. அவையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் மக்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசனாரும், சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் கண்ட சுவாமி சகசானந்தரும் உறுப்பினராக இருந்த அவை அது. கோயில் வாயில் அடைக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும், கோயிலுக்கென்று பெண்களை ஒப்படைத்த மரபில் வந்த பெண்மணியும் ஒரே அவையில் அமர்ந்தமை வரலாற்றின் விந்தையன்றோ!

பள்ளி மாணவர்க்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, இளம் பெண்களின் திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றிற்காக அவர் அவையில் வாதாடினார். இளமை முற்றாத உடலில் கரு வளர்தல் தாய்க்கும் சேய்க்கும் கேடு என்பது மருத்துவர் என்ற முறையில் அவர் கண்ட உண்மை.

பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் முயன்றபோது எதிர்ப்பு இருபுறமிருந்தும் எழுந்தது. பழைமை பேணுவோர் எதிர்த்தனர். தேவதாசியர் சிலரும் தம் வாழ்க்கைக்கும் கலைக்கும் சொத்துக்கும் கேடு வரும் என அஞ்சி எதிர்த்தனர். அவ்வச்சத்தைப் புறக்கணித்தல் தகாது. 1929ஆம் ஆண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம், கோயிற் பணிக்கென அவர்கள் துய்த்து வந்த மானிய நிலங்களைப் பணிக்கடப்பாடின்றி அவர்கட்கே உரிமையாக்க வழி செய்தது. விடுதலையோடு நிலமும் வேண்டும் என்னும் பாடம் நமக்கும் உரியது. வழக்கத்தை முற்றும் தடை செய்த சட்டம் 1947ஆம் ஆண்டே வந்தது.

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டமையைக் கண்டித்து அம்மையார் பதவி துறந்தார். பொட்டுக் கட்டுதலுக்குத் தப்பி வந்த சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. தம் வீட்டிலேயே இடமளித்தார். அவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். விடுதி மறுக்கப்பட்ட வேதனையை அறிந்த நாம், அக்கதவு திறந்ததன் அருமையை நன்கு உணர்வோம்.

அடையாற்றில் எழுந்த மருத்துவமனை

இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அம்மையார் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். வீடு வீடாகவும் நிறுவனம் நிறுவனமாகவும் கேட்டுப் பெற்ற பொருள் அது. 1952ஆம் ஆண்டு பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அடையாற்றில் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அதில் பன்னிரண்டு படுக்கைகளே இருந்தன. புற்றுநோய் மருத்துவத்திற் பயிற்சி பெற்ற அவர் மைந்தர் டாக்டர் கிருட்டிணமூர்த்தி அதனைப் பொறுப்பேற்று நடத்தினார். மறு ஆண்டு இளம் மருத்துவர் சாந்தா அம்மையார் வந்து சேர்ந்து, தம் வாழ்வு முழுவதையும் ஆங்கே செலவிட்டார். அன்று சிறு குடிலெனத் தொடங்கிய அது இன்று நாடெங்கிலுமிருந்து எளியோர் நாடி வரும் பெரு நிலையமாக விளங்குகின்றது.

1956ஆம் ஆண்டு அரசு அம்மையார்க்குப் பத்மபூசண் விருது அளித்தது. 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டு அகவை நிறைவுறச் சில நாட்களே இருக்க, அவர் இயற்கை எய்தினார்.

நம் மாவட்டமும் அம்மையாரும்

அம்மையார் துணைத் தலைவராக இருந்த காலத்து அவையிலேதான் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கான சட்டம் நிறைவேறி, 1929ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் வளாகத்தில் 1985ஆம் ஆண்டு எழுந்த மருத்துவக் கல்லூரி, 2021ஆம் ஆண்டு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்து, கடலூர் மாவட்டத்திற்குரிய அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. கடலூர்த் தலைமை மருத்துவமனையும் உளது. நம் முன்னோர் நோயாளியைக் கயிற்றுக் கட்டிலில் இட்டு வாய்க்கால் வரப்பிலே தூக்கி நடந்த காலம் மாறி, 2008ஆம் ஆண்டு முதல் 108 ஊர்தி வருகின்றது. ஏழைத் தாய்மார்க்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவி அம்மையாரின் பெயரையே தாங்கியுளது. 2006ஆம் ஆண்டு 6,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட அவ்வுதவி, 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

இவ்வுதவியின் அருமையை அறிய அண்ணல் அம்பேத்கரை நினைத்தல் வேண்டும். 1928ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைப் பெண்களுக்குப் பேறுகால ஊதியம் வழங்கும் மசோதாவை அவர் ஆதரித்துப் பேசினார். தம் மக்களுள் நால்வரை இளமையிலேயே பறிகொடுத்தவர் அவர். நெடுநாள் நோயுற்ற துணைவியார் இரமாபாயை 1935இல் இழந்தவர். ஆயினும் பின்னர் வந்த பேறுகாலச் சட்டங்கள் ஆலைக்கும் தோட்டத்திற்கும் அலுவலகத்திற்கும் உரியவையாய் நின்றன. வீராணத்து நீர் பாயும் வயல்களில் நிறைசூலோடு குனிந்து நாற்று நட்ட நம் தாய்மாரை அவை எட்டவில்லை. ஆலை இல்லாதவர்க்கும் முதலாளி இல்லாதவர்க்கும் கிடைக்கும் உதவி அம்மையாரின் பெயரிலுள்ள திட்டமே. அது பிச்சையன்று, தாயின் உழைப்பிற்கு உரிய ஊதியம்.

நம் கடமை

வசதிகள் வந்த பின்னும் உயிர்கள் போவது ஏன்? தாமதமே காரணம். நோயை மறைக்கும் தாமதம், வீட்டார் முடிவெடுக்கும் தாமதம், வழிச்செலவிற்குக் கடன் தேடும் தாமதம் எனப் படிப்படியாக அது பெருகுகின்றது. ஆதலின் நம் உறுப்பினர் இல்லந்தோறும் சில செய்திகளைப் பரப்புதல் வேண்டும்.

கருவுற்றதை உணர்ந்ததும் பன்னிரண்டு வாரங்களுக்குள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்க. இரத்தத்தின் அளவைப் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்க. கை, கால், முகம் வீங்குதல், கடுந்தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, உதிரப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் எனக் காத்திராது உடனே மருத்துவமனை செல்க. மார்பிற் கட்டி, மாதவிலக்கு நின்ற பின் உதிரம், ஆறாத வாய்ப்புண் ஆகியன நாணத்திற்கு உரியன அல்ல; சோதனைக்கு உரியன. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம். சிறுமியர்க்கு அதனைத் தடுக்கும் ஊசியும் உண்டு. இவற்றைப் பெண்களின் பேச்சென்று ஒதுங்கும் ஆடவர், தம் தாயின் உயிரையே ஒதுக்குகின்றனர் என்று அறிக.

மருத்துவமனையில் நம்மவரை அலட்சியமாக நடத்துவோரும் இல்லாமல் இல்லை. அதற்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுதல் தீர்வாகாது. படித்த இளைஞர் ஒருவர் உடன் சென்று, அமைதியாகவும் உறுதியாகவும் உரிமையைக் கேட்டல் வேண்டும். அதனினும் சிறந்த தீர்வு ஒன்றுண்டு. நம் வீட்டுப் பெண்மக்களே செவிலியராகவும் மருத்துவராகவும் அக்கட்டடங்களுள் நுழைதல் வேண்டும். திரைக்குப் பின் அமர்ந்து கற்ற ஒரு சிறுமி இத்துணையும் ஆற்றினாரெனில், திரை நீங்கிய வகுப்பில் முன்வரிசையில் அமரும் நம் மகளிர் ஆற்றக் கூடாதது யாது?

அன்று புத்தகத்தை மூடிய அம்மாணவி இன்று இரு மக்களுக்குத் தாய். தம் மூத்த மகளை நம் மாலை வகுப்பிற்கு அனுப்பி வைத்துள்ளார். அச்சிறுமி படிப்பை இடையில் நிறுத்தாதிருக்க, அவளுடைய தாய் நலமுடன் வாழ்தல் வேண்டும். அதற்கு நாம் பொறுப்பு. வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் தெருக்களில் இனி எத்தாயும் தாமதத்தால் மடியாதிருக்க உழைப்போம் என உறுதி பூணுவோமாக. அதுவே முத்துலட்சுமி அம்மையார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.