கதவைத் திறந்த ரிக்கி!

குட்டீஸ், அலுவலக நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு விளையாட்டின் வரலாற்றை மாற்ற முடியுமா? மாற்றிக் காட்டியவர் பிராஞ்ச் ரிக்கி!

இவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1881ல் பிறந்தார். இளம் வயதில் கல்லூரி பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். ஒருமுறை வெளியூர் சென்றபோது, கறுப்பின மாணவர் சார்லஸ் தாமசுக்கு அறை தர ஓட்டல்காரர்கள் மறுத்தனர். ரிக்கி வாதாடி, அவரைத் தன் அறையிலேயே தங்க வைத்தார். அன்று தாமஸ் அழுததை ரிக்கி மறக்கவே இல்லை.

பின்னாளில் பெரிய அணிகளின் நிர்வாகியாகப் புகழ் பெற்ற ரிக்கி, 1942ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பொறுப்பை ஏற்றார். அப்போது பெரிய லீக் அணிகளில் கறுப்பின வீரர் ஒருவர்கூடக் கிடையாது. எதிர்ப்பு வரும் என்று தெரிந்தும், 1945ல் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தார். யார் திட்டினாலும் பதிலுக்குச் சண்டை போடக் கூடாது என்று அவரிடம் உறுதி வாங்கிக்கொண்டார்.

1947 ஏப்ரல் 15ல் ராபின்சன் களமிறங்கினார். ஏளனங்களைப் பொறுத்துக்கொண்டு ஆடி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றார்! மற்ற அணிகளும் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன.

ரிக்கி 1965ல் மறைந்தார். உங்கள் விளையாட்டில் யாரையாவது ஒதுக்கினால், நீங்களும் ஒரு ரிக்கி ஆகலாமே!