ஆட்டிசம் என்றாலே அம்மா மீது பழி: எங்கிருந்து வந்தது இந்த வழக்கம்?

ஆட்டிசம் உள்ள குழந்தையின் அம்மா யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால், சொந்தக்காரர்கள் அவரிடம் கேட்கும் கேள்விகளும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தையை விட்டுட்டு வேலைக்குப் போனீங்களா, வீட்டில் யாரும் பேச்சுக் கொடுக்கலையா, கையில் போனைக் கொடுத்துப் பழக்கிட்டீங்களா. அப்பாவிடம் இதையெல்லாம் யாரும் கேட்பது அபூர்வம்.

இதே பழி ஒருகாலத்தில் மருத்துவ இதழ்களிலேயே அச்சானது. அதற்குக் கதவைத் திறந்துவிட்டவர், ஆட்டிசத்தைத் தனி நிலையாக உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அதே டாக்டர், லியோ கேனர். இத்தனைக்கும் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதனால்தான் அவர் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1894-ல் கிளெகோட்டுவ் என்ற கிராமத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் கேனர். அன்றைக்கு அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு, இன்றைக்கு உக்ரைன். பெர்லினில் மருத்துவம் படித்தார், நடுவில் முதல் உலகப் போர் வந்து போனது, 1921-ல் பட்டம் வாங்கினார். 1924-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, தெற்கு டகோட்டாவில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். 1928-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். 1930-ல் அங்கே குழந்தைகளுக்கான மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1935-ல் அவர் எழுதிய குழந்தை மனநலப் பாடநூல்தான் அந்தத் துறையில் ஆங்கிலத்தில் வந்த முதல் பாடநூல்.

இன்னும் சில விஷயங்களையும் சொல்லியாக வேண்டும். மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான அரசு விடுதி ஒன்றிலிருந்து பெண்களைக் கோர்ட் உத்தரவு வாங்கி வெளியே எடுத்து, வசதியான வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பிக்கொண்டிருந்த மோசடியை 1937-ல் பகிரங்கப்படுத்தியவர் கேனர். ஹிட்லரிடமிருந்து தப்பிக்க முயன்ற யூத மருத்துவர்கள் பலரை அமெரிக்காவுக்குக் கொண்டுவர அவரும் அவர் மனைவியும் உதவினார்கள். கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளைக் கருணைக்கொலை செய்யலாம் என்று 1942-ல் ஒரு அமெரிக்க நரம்பியல் மருத்துவர் எழுதியபோது, அதே இதழில் எதிர்த்து எழுதியதும் இவர்தான். 1941-ல், வளர்ப்பு நிபுணர்களிடம் சிக்கித் தவிக்கும் அம்மாக்களுக்கு ஆதரவாக ஒரு தனிப் புத்தகமே எழுதினார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1938-ல் அவர் மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. தட்டச்சில் 33 பக்கம். எழுதியவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த வக்கீல், பீமன் டிரிப்லெட். மகன் டொனால்டுக்கு அப்போது 5 வயது. பைபிளின் 23-ம் சங்கீதத்தை இரண்டரை வயதிலேயே ஒப்பித்தவன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சுற்றக்கூடிய எதைக் கொடுத்தாலும் சுற்றவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். டாக்டர்கள் சொன்னார்களே என்று 3 வயதில் ஒரு விடுதியில் விட்டார்கள். அங்கே அவன் இன்னும் ஒடுங்கிப்போனான். பெற்றோர் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தில் சாப்பாடு, தூக்கம், பேச்சு, பயம் எல்லாம் இருந்தது. இன்றைய மொழியில் சொன்னால், ஒரு அப்பா தன் மகனைப் பற்றிச் சேகரித்த முழு டேட்டா. 1943-ல் கேனர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் டொனால்டுதான் முதல் குழந்தை. மொத்தம் 11 பேர், 8 பையன்கள், 3 பெண் குழந்தைகள். மனிதர்களைவிடப் பொருட்களோடு ஒட்டுதல், எதுவும் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற தீவிரம்: இந்த இரண்டையும் எல்லோருக்கும் பொதுவான அடையாளமாகக் கண்டார். (ஆட்டிசம் என்ற சொல் அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்விஸ் மருத்துவர் ப்ளாய்லர் வேறொரு அர்த்தத்தில் அதை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார். இதே மாதிரிக் குழந்தைகளை மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1925-லேயே விவரித்திருந்தார். அவரை உலகம் கவனிக்கப் பல பத்தாண்டுகள் ஆனது.)

கட்டுரையின் முடிவில், இந்தக் குழந்தைகள் பிறவியிலேயே இப்படித்தான் வருகிறார்கள் என்று கேனர் எழுதினார். சரியான பதில் அது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனா அதே கட்டுரையில் அவர் பெற்றோரையும் கவனித்திருந்தார். 11 அப்பாக்களில் 4 பேர் மனநல மருத்துவர்கள், மற்றவர்களில் வக்கீல், பேராசிரியர், சுரங்கப் பொறியாளர் எல்லாம் இருந்தார்கள். 11 அம்மாக்களில் 9 பேர் கல்லூரி முடித்தவர்கள். 1930-களின் அமெரிக்காவில்! எல்லாரும் நுணுக்கம் பார்ப்பவர்கள், பாசத்தை வெளிக்காட்டாதவர்கள் என்று அவருக்குத் தோன்றியது. டிரிப்லெட்டின் 33 பக்கக் கடிதமே அந்த நுணுக்கப் பித்துக்குச் சான்றாகிவிட்டது.

டேட்டா வேலை பார்க்கும் யாருக்கும் இந்த இடத்தில் கை பரபரக்கும். பால்டிமோரின் பெரிய மருத்துவமனையில் ஒரு நிபுணரைத் தேடிக் கண்டுபிடித்து, பல மாநிலம் தாண்டி வந்து பார்க்க யாரால் முடியும்? படித்தவர்களால், காசுள்ளவர்களால், மருத்துவ வட்டாரத்தைத் தெரிந்தவர்களால். பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவரின் குழந்தை அந்த அறைக்கு வரவே வழியில்லை. கேனர் பார்த்தது ஆட்டிசத்தின் குணத்தை இல்லை, தன் கிளினிக் வாசலின் குணத்தை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு பெற்றோர் குழுவும் அவரிடம் கிடையாது.

1949-ல் எழுதிய கட்டுரையில், இந்தக் குழந்தைகள் பனி உருகாத ஃப்ரிட்ஜில் வைக்கப்பட்டவர்கள் போல வளர்கிறார்கள் என்ற பொருளில் ஒரு உவமை சொன்னார். அதுதான் ஒட்டிக்கொண்டது. பத்திரிகைகள் பிடித்துக்கொள்ள, ஃப்ரிட்ஜ் அம்மா என்பதே ஒரு கலைச்சொல் ஆனது. எட்டு வருடத்துக்கு முன்னால் அம்மாக்களுக்காகப் புத்தகம் எழுதிய அதே கை. புருனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய புத்தகம் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. நாஜி முகாம் கைதிகளின் நிலையோடு அவர் இந்தக் குழந்தைகளை ஒப்பிட்டார். அப்போது காவலாளி யார்? வீட்டில் இருந்த அம்மா. குழந்தையை அவளிடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என்றானது.

பதில் ஒரு அப்பாவிடமிருந்து வந்தது. பெர்னார்ட் ரிம்லண்ட், அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பன். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்து, காரணம் உடலியல்தான், வளர்ப்பு இல்லை என்று 1964-ல் புத்தகம் போட்டார். முன்னுரை எழுதிக் கொடுத்தவர் கேனர். 1969-ல் வாஷிங்டனில் நடந்த பெற்றோர் மாநாட்டில், 70 வயதைத் தாண்டியிருந்த கேனர் மேடையேறி, பெற்றோராகிய உங்கள் மீது குற்றமில்லை என்று அறிவித்தார். கூடவே, முதலிலிருந்தே பிறவிக் காரணம் என்றுதான் எழுதினேன், என்னைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றும் சொன்னார். பாருங்க, அது பாதி உண்மை. 1943-ஐ ஞாபகம் வைத்திருந்தவர் 1949-ஐ மறந்துவிட்டார்.

கேனர் உயிரோடு இருக்கும்போதே, 1977-ல், சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் குறைந்தது ஒருவருக்கு ஆட்டிசம். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 11 ஜோடிகளில், 4 ஜோடிகளில் இருவருக்குமே இருந்தது. தனித்தனிக் கருமுட்டையிலிருந்து பிறந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இல்லை. மறுபடியும் 11தான், அதே சின்ன எண். ஆனால் இந்தத் தடவை பக்கத்தில் ஒப்பிட ஒரு 10 இருந்தது. இரண்டு வகை இரட்டையரும் ஒரே அம்மாவிடம் ஒரே வீட்டில் வளர்கிறவர்கள்தான். வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வரும்?

2019-ல் ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, மக்களிடையே காணப்படும் ஆட்டிச வேறுபாட்டில் சுமார் 80% மரபணு சார்ந்தது என்று கணித்தது. உங்கள் குழந்தைக்கு வர 80% வாய்ப்பு என்று இதைப் படித்துவிடாதீர்கள், அது வேறு கணக்கு. ஒற்றை மரபணுவும் இல்லை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கேனர் பெற்றோரிடம் பார்த்த ஒதுங்கும் குணம், நுணுக்கம் எல்லாம் சிலரிடம் நிஜமாகவே இருந்திருக்கலாம். குழந்தையிடம் இருப்பதன் லேசான வடிவம் பெற்றோரிடமும் இருப்பதைப் பின்னால் வந்த மரபியல் ஆய்வுகள் காட்டின. பரம்பரைக்கான தடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் குற்றப்பத்திரிகையாகப் படித்துவிட்டார் மனிதர்.

கேனர் 1981-ல் இறந்தார். அதற்குப் பத்து வருடம் முன்பு, அந்த 11 குழந்தைகளும் என்ன ஆனார்கள் என்று தேடி எழுதியிருந்தார். அரசு விடுதிகளுக்குப் போனவர்கள் பெரும்பாலும் அங்கேயே மங்கிப்போனார்கள். டொனால்டைப் பெற்றோர் ஒரு விவசாயத் தம்பதியிடம் வளர விட்டிருந்தார்கள். எதையும் அளந்துகொண்டே இருந்த பையனிடம், கிணறு தோண்டி ஆழத்தை அளந்து சொல் என்றார் அந்த விவசாயி. எண்ணிக்கொண்டே இருந்தவனை, உழும்போது சோளவரிசைகளை எண்ணவிட்டார். டொனால்டு கல்லூரியில் பிரெஞ்சு படித்தார், சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியாக உலகம் சுற்றினார். 2023 ஜூனில் இறந்தபோது அவருக்கு 89 வயது.